அரை மாத்திரை

வேல்பாண்டியின் ஜீப்பில், முன்கண்ணாடிக்குக் கீழே, வீரபாண்டி கௌமாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். ஒரு காலத்தில் இருமல் மிட்டாய் வந்த டப்பா. இப்போது அதில் இருப்பது வாந்தி மாத்திரை. கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்க ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு டப்பாவோ பொட்டலமோ இருக்கும். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் வண்டி நின்றதும் பின்சீட்டிலிருந்து ஒரு கை நீளும். "அண்ணே, ஒண்ணு குடுங்க." என்ன மாத்திரை, என்ன பேர் என்று யாரும் கேட்டதில்லை. இருபத்தைந்து வருஷமாக வேல்பாண்டியும் சொன்னதில்லை. மலை ஏறுமுன் டப்பாவிலிருந்து வருவதை மருந்தென்று அங்கே யாரும் நினைப்பதில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்துக்கொள்வது போல அதுவும் ஒன்று.

இந்தக் கதையில் நடந்த தப்பு முழுக்க அந்த டப்பாவிலிருந்து கிளம்பியதுதான். தப்பைச் செய்தவர் கெட்டவர் இல்லை. பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தவர். அதனால்தான் அவர் செய்தது தப்பு என்று கண்டுபிடிக்க அத்தனை நாளானது.

போன வருஷம் ஆடி மாதம் அது நடந்தது. காய் எடுத்து முடித்து, சாயங்காலம் இரண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. முன்னால் செல்லப்பாண்டியின் வண்டி. பின்னால் வேல்பாண்டியின் வண்டி. வேல்பாண்டியின் மனைவி முத்துப்பேச்சி எப்போதும் புருஷன் வண்டியில்தான் வருவாள். அன்றைக்கு அவளுடைய கூட்டாளி ராஜாத்தி, "இன்னைக்கு இங்கன ஏறு, ஒரு சங்கதி சொல்லணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வண்டியில் ஏற்றினாள். நல்ல மூடுபனி, நசநசவென்று சாரல். கீழிருந்து எண்ணினால் எட்டாவது வளைவில் முன்வண்டி வழுக்கி, ரோட்டை விட்டுப் புரண்டு, முப்பதடி கீழே ஒரு மரத்தில் முட்டி நின்றது. வேல்பாண்டி புதருக்குள் இறங்கித் தேடி, தன் மனைவியைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தார். ராஜாத்தியை மற்றவர்கள் கொண்டுவந்தார்கள். அவளுக்கு உயிர் இல்லை.

முத்துப்பேச்சியின் தோள்பட்டை எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. பயம்தான் ஆறவில்லை. தெருவில் ஜீப் உறுமினால் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதைவிட மோசம் ஏலக்காய் வாசம். அன்றைக்கு வண்டியில் இருந்த அத்தனை பேர் கையிலும் சேலையிலும் பச்சைக்காய் வாசம்தானே. ஒரு கல்யாண வீட்டில் பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே பந்தியில் சரிந்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் ஏலக்காய் கிடையாது. வேல்பாண்டி ஜீப்பை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு, சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். தினமும் மலைக்குப் போகும் வழியையும் மாற்றிக்கொண்டார். சுற்றுதான், ஆனாலும் குமுளி வழியாகவே போய் வந்தார். யாராவது கேட்டால், "குமுளி ரோடு நல்லாருக்கு" என்பார்.

இப்படியே ஓட்டியிருப்பார்கள். மகள் ஹேமாவதிதான் விஷயத்தை அவசரமாக்கினாள். அவளை மலைமேல் வண்டன்மேட்டில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சுரேஷ்கண்ணனுக்கு அங்கே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. தலைப்பிரசவம் என்றால் ஏழாம் மாதம் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதுதான் முறை. ஆனால் ஆறாம் மாதமே அவளுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். குலுங்கிக்கொண்டு மலை இறங்கவே கூடாது, படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கவும் கூடாது. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. ஆக, மகள் இறங்க முடியாது, அம்மா ஏற வேண்டும்.

"அம்மா, நீ வருவியா?" என்று போனில் கேட்டாள் ஹேமா. வற்புறுத்தவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்துக்கொண்டவள் கேட்பது போலக் கேட்டாள். முத்துப்பேச்சிக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்போதுதான் தேனியில் டாக்டர் ஜாய்ஸிடம் போனார்கள். மனநல டாக்டர். நிதானமாகப் பேசுகிற, நாற்பது வயசுப் பெண். அந்தம்மா மருந்து எதுவும் எழுதவில்லை. "ஜீப்புல கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு ஒரு வளைவு, அடுத்து ரெண்டு. எவ்வளவு தூரம்ங்கிறது முக்கியமில்ல. பயம் வரணும். வந்து, அதுவா எறங்கணும். எறங்கறதுக்கு முன்னாடி வண்டியத் திருப்பிரக் கூடாது" என்றார். பிறகு வேல்பாண்டியிடம், "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றார் வேல்பாண்டி. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு அப்போது இல்லை. எலும்பு முறிந்திருந்தபோது ஒரு டாக்டர் தூக்கம் வராத நாளைக்கு அரை போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மாத்திரை எழுதியிருந்தார். தூக்கம் சரியானதும் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு அட்டை மீந்து கிடந்தது, அவ்வளவுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக்குப் போவதற்குள்ளேயே முத்துப்பேச்சியின் பல் தந்தியடித்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட வேல்பாண்டி தாங்கியிருப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு, புறப்படுமுன் அந்த அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் பாதியாகக் கிள்ளி, டப்பாவில் போட்டு, டப்பாவை அவளிடம் நீட்டினார்.

"வாந்தி மாத்திரைதான். போட்டுக்க, பேச்சி."

அவள் கேள்வி கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஜீப்காரன் பொண்டாட்டிக்கு அந்த டப்பா மேல் சந்தேகம் வர என்ன இருக்கிறது?

அன்றைக்குக் கம்பம்மெட்டு ரோட்டில் இரண்டு வளைவு ஏறினார்கள். அவள் நடுங்கவில்லை. கொட்டாவி விட்டாள், அவ்வளவுதான். அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்து ஐந்து. ஐந்தாவது வாரம் ஏழாவது வளைவில் நிறுத்தியபோது முத்துப்பேச்சி இறங்கிக் கட்டைச்சுவர் ஓரம் நின்று கீழே பார்த்தாள். திராட்சைப் பந்தலும் வாழைத்தோப்பும் வெயிலில் தெரிந்தன. "நம்ம ஊரு எம்புட்டுக்காணு இருக்கு பாருங்க மாமா" என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள். வேல்பாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மா கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார். தன்னைப் பற்றியும் கொஞ்சம் பெருமையாக நினைத்துக்கொண்டார்.

அந்தப் பெருமை இரண்டு நாள் நிலைத்தது.

செவ்வாய்க்கிழமை, அவர் குமுளி வழியாக ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது ஷீபா என்கிற மலையாளத்துப் பெண். கம்பம் சந்தைக்கு வந்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவள். உங்கள் வீட்டுக்காரம்மா இங்கே ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார், கூட நான் இருக்கிறேன், சீக்கிரம் வாருங்கள் என்றாள்.

நடந்தது இதுதான். ஏழு வளைவு ஏறியவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. மகள் முன்னால் திடீரென்று போய் நிற்கலாம் என்று, ஒரு பையில் உளுந்தமாவும் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், மலையேறுகிற நெடுங்கண்டம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் முதல் வளைவில் திரும்பியது. பக்கத்து சீட்டுப் பையிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. அவ்வளவுதான். அலறி, கம்பியில் தலையை முட்டி, பஸ்ஸை நிறுத்தவைத்து இறங்கி, ரோட்டோரத்துச் சின்னப் பாலத்தின் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். ஷீபா தன் பஸ்ஸை விட்டுவிட்டு அவளோடு இறங்கியிருந்தாள். வேல்பாண்டி போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண், "பேடிக்கேண்டா சேச்சி, பேடிக்கேண்டா" என்று, பயப்பட வேண்டாமெனத் தன் பாஷையில் சொல்லி, அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முத்துப்பேச்சி பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, நான் ஏழு வளைவு ஏறினவதான?"

அவர் தலையாட்டினார்.

"பெறகு ஏன் மாமா ஒரு வளைவு ஏற முடியல?" என்றாள். "எனக்கு இது தீராது. பிள்ளைட்ட சொல்லிருங்க. அம்மா வர மாட்டான்னு சொல்லிருங்க."

வாழ்க்கையில் எத்தனையோ பஞ்சர், எத்தனையோ பிரேக்டவுன் பார்த்தவர் வேல்பாண்டி. என்ன கோளாறு என்றே தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான்.

மறுநாள் தேனிக்குப் போனார்கள். டாக்டர் ஜாய்ஸ் முத்துப்பேச்சியிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொல்லி வேல்பாண்டியைக் கூப்பிட்டார். முன்னால் ஒரு நோட்டு இருந்தது.

"அஞ்சு வாரம் போயிருக்கீங்க. மொத நாளுக்கு அப்புறம் ஒரு தடவகூட அவங்க நடுங்கலையா?"

"ஒரு தடவகூட இல்லம்மா."

"எனக்கு அதான் இடிக்குது, அண்ணே. இவ்வளவு பயம் இருக்கிற ஆளு நடுங்காம எப்படி ஏறினாங்க? பொறப்படும்போது என்ன பண்ணுவீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

வேல்பாண்டி சொன்னார். தண்ணீர் பாட்டில் எடுப்போம், சாமி கும்பிடுவோம், டப்பாவிலிருந்து மாத்திரை கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். சட்டைப்பையைத் தடவி மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதில் இரண்டு மாத்திரை காலியாகியிருந்தது.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பேரைப் படித்தார். கோபப்படவில்லை. கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டார். அதற்குக் கோபப்பட்டிருந்தாலே தேவலை என்றிருந்தது வேல்பாண்டிக்கு.

"வெசமாம்மா அது?"

"விஷமெல்லாம் இல்ல. நல்ல மருந்துதான், வேற வேலைக்கு." நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "சொல்றேன், கேளுங்க. மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் பாதாம்பருப்பு கணக்கா ஒரு எடம் இருக்கு. பயத்துக்கு அதுதான் காவல். அங்க நரம்பு செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற சந்திப்பு லட்சக்கணக்குல இருக்கு. ரெண்டு சேதி ஒரே நேரத்துல பலமா வந்தா அந்தச் சந்திப்பு இறுகிரும். அடுத்த தடவ ஒண்ணு வந்தாலே போதும், இன்னொண்ணு தானா எந்திரிச்சிக்கும். அன்னைக்கு ஏலக்காய் வாசமும் ஜீப்பு சத்தமும் சாவு பயமும் ஒண்ணா வந்துச்சா? ஒரே நாள்ல இறுகிப் போச்சு. அதுக்குப் பெறகு வாசம் மட்டும் வந்தாலும் சாவு பயம் வருது. அது அவங்க கோழைத்தனம் இல்ல."

"அந்த முடிச்ச அவுக்க முடியாதாம்மா?"

"அவுக்கறது கஷ்டம். பக்கத்துல புதுசா ஒண்ணு போடலாம். வாசம் வந்துச்சு, சத்தம் வந்துச்சு, பயமும் வந்துச்சு, ஆனா ஒண்ணும் நடக்கலன்னு அந்த எடமே பாத்துத் தெரிஞ்சிக்கணும். அந்தப் புதுச் சந்திப்பும் அதே மாதிரிதான் இறுகணும். திரும்பத் திரும்ப இறுகினா, அது பழச அடக்கி வைக்கும். அதுக்கு அந்த எடம் முழிச்சிருக்கணும்." அட்டையை விரலால் தட்டினார். "இது என்ன செய்யும்னா அந்த எடத்தைத் தாலாட்டித் தூங்க வச்சிரும். பயம் தெரியாது, உண்மைதான். ஆனா தூங்கிற எடத்துல புதுசா எதுவும் இறுகாது. ஏழு வளைவு அவங்க ஒடம்புதான் ஏறிருக்கு. அந்த எடம் அடிவாரத்துலயே நிக்குது."

வேல்பாண்டி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையைக் கிள்ளிய கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்.

"அவ கஷ்டப்படக் கூடாதுன்னுதாம்மா..."

"தெரியும் அண்ணே. அதனாலதான் உங்களத் திட்ட முடியல." டாக்டர் அட்டையை எடுத்துத் தன் மேஜை அறைக்குள் போட்டார். "இன்னும் எட்டு வாரம் இருக்கு பிரசவத்துக்கு. மொதல்ல இருந்து ஆரம்பிப்போம். வாரத்துக்கு மூணு நாள் போங்க. மாத்திரை கிடையாது. பயத்த மறக்கடிக்கக் கதை பேசவும் கூடாது. சும்மா கூட இருங்க. ஆனா அதுக்கு முந்தி, நீங்க குடுத்தது என்னன்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் வரைக்கும் வேல்பாண்டிக்கு வாய் வரவில்லை. சின்னமனூர் தாண்டி, இரண்டு பக்கமும் நெல்வயல் வந்ததும் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப ஏழாவது வளைவுல நான் சிரிச்சது?" என்றாள்.

"மாத்திர, பேச்சி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உத்தமபாளையம் வந்தது, போனது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் பேசினாள்.

"ராஜாத்தி செத்ததுக்குப் பெறகு நான் சந்தோசமா இருந்தது அந்த ஒரே நாளு. அதையும் நீங்க டப்பாவுல இருந்து எடுத்துக் குடுத்துட்டீக."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், வெந்நீர் போட்டாள். பேசவில்லை. வேல்பாண்டி வீட்டுக்குள் திருடனைப் போல நடமாடினார். மூன்றாம் நாள் காலையில் அவள் தலைக்குக் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"வண்டிய எடுங்க. டப்பா வீட்ல இருக்கட்டும்."

முதல் வளைவில் நாற்பத்தைந்து நிமிஷம் நின்றார்கள். டாக்டர் சொன்னபடி முத்துப்பேச்சி ஒரு பச்சை ஏலக்காயைத் தாளில் மடித்துக் கையில் வைத்திருந்தாள். மூக்கருகில் கொண்டுபோவாள், உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். ஒரு தடவை வாந்தியும் எடுத்தாள், வாந்தி மாத்திரைக்காரரின் வண்டிப் பக்கத்திலேயே. வேல்பாண்டிக்கு வண்டியைத் திருப்பிவிடலாம் என்று நூறு தடவை தோன்றியது. கை சாவிக்குப் போகும், திரும்பி வரும். கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். நாற்பதாவது நிமிஷத்தில் அவள் மூச்சு நீளமாக வந்தது. வேர்வை காய்ந்தது. யாரும் எதுவும் கொடுக்காமல் தானாகவே இறங்கியது.

அடுத்த தடவை அதே வளைவில் இருபத்தைந்து நிமிஷம். அதற்கடுத்து பத்து. சில நாள் முன்னேறினார்கள், சில நாள் பின்னுக்குப் போனார்கள். மழை பெய்த ஒரு நாளில் செக்போஸ்ட்டையே தாண்ட முடியவில்லை, அங்கேயே டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அன்றைக்கு முத்துப்பேச்சி அழுதாள். இரவு ஹேமாவிடம் போனில், "வருவேன்னும் சொல்லல, வர மாட்டேன்னும் சொல்லல, ஆத்தா" என்றாள். ஐந்தாவது வாரம் முடிகையில் ஏழாவது வளைவைத் தொட்டார்கள். கட்டைச்சுவர் ஓரம் நின்று அவள் கீழே பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் ரொம்ப நேரம் பார்த்தாள். வேல்பாண்டிக்கு அந்தப் பழைய சிரிப்பைவிட இது பெரிசாகப் பட்டது.

ஆறாவது வாரம், வெயில் நன்றாக அடித்த ஒரு காலை. உளுந்தமாவுப் பை பின்சீட்டில் இருந்தது. தாண்டினால் அப்படியே வண்டன்மேடு போய்விடுவது, தாண்டாவிட்டால் திரும்பிவிடுவது என்று பேசிக்கொண்டுதான் கிளம்பினார்கள்.

எட்டாவது வளைவு வருவதற்கு நாற்பது கஜம் முன்னால் முத்துப்பேச்சிக்கு நடுக்கம் ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி மெதுவானது. இன்னும் மெதுவானது. பிறகு நின்று, இஞ்சினும் அணைந்துவிட்டது.

"எனக்காக நிப்பாட்ட வேணாம் மாமா. வளைவுக்கே போங்க" என்றாள்.

வேல்பாண்டி சாவியைத் திருப்பினார். வண்டி உறுமி ஒரு குதி குதித்து மறுபடியும் அணைந்தது. இருபத்தைந்து வருஷ டிரைவர் கிளட்ச்சைச் சரியாக மிதிக்கவில்லை. முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள். கிளட்ச்சின் மேல் இருந்த அவர் கால் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. முகமெல்லாம் வேர்வை. ஒரு வருஷமாகத் தன் நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் அவருடைய கையைப் பார்த்தாள்.

"மாமா, அன்னைக்கு அப்புறம் நீங்க இங்கன வரவே இல்லையா?"

"குமுளி ரோடு நல்லாருக்கு" என்றார் வேல்பாண்டி.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குமுளி ரோட்டில் இருக்கிற குழியை ஊரே அறியும். இறங்கி, சுற்றிவந்து, கதவைத் திறந்து, குழந்தையை இறக்குவது போல அவரைக் கைப்பிடித்து இறக்கினாள். இரண்டு பேரும் நடந்து எட்டாவது வளைவுக்குப் போய், புதிதாகக் கட்டியிருந்த தடுப்புச்சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே அந்த மரம் நின்றது. பட்டை உரிந்த இடம் இன்னும் தெரிந்தது.

"டப்பா வீட்லதான இருக்கு?" என்று கேட்டார் வேல்பாண்டி.

"வீட்லதான் இருக்கு. இங்கன இருந்தாலும் தர மாட்டேன்" என்றாள். "எறங்கற வரைக்கும் திரும்பக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகள்ல. அது ஒங்களுக்குந்தான்."

அவர் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். பனிக்குள் முன்வண்டியின் இரண்டு சிவப்பு லைட்டுகள் மட்டும் தெரிந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினாராம். அந்த இரண்டு லைட்டும் பக்கவாட்டில் இருந்தது போய், ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றதாம். பிறகு இல்லையாம். "அதுக்குள்ள நீ இருக்கன்னு எனக்குத் தெரியும். கத்தணும்னு வாயத் தொறந்தேன், சத்தம் வரல, பேச்சி. இப்ப எந்த வண்டியோட பின் லைட்டப் பாத்தாலும் வாய் அடைச்சிருது."

முத்துப்பேச்சி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ராஜாத்தி ஒரு சங்கதி சொல்லணும்னு என்னைய ஏத்தினாள்ல. என்ன சங்கதி தெரியுமா? அவ மகன் மொத சம்பளத்துல அவளுக்கு ஒரு செருப்பு வாங்கிட்டு வந்திருக்கான். அது பத்தல. கால் விரலு வெளிய நிக்குது. அதச் சொன்னா அவன் மனசு சங்கடப்படும்னு நடந்து காட்டிருக்கா. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு இருக்கும்போதுதான்..." அவள் மரத்தைப் பார்த்தாள். "பயத்துல இதெல்லாம் மறந்தே போச்சு மாமா. அவ கடசியாச் சிரிச்சிட்டுத்தான் இருந்தா. இப்பத்தான் ஞாபகம் வருது."

இரண்டு பேரும் அழுதார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்து போனது. ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று இறங்கிப் போனது. வாசம் அடித்தது. முத்துப்பேச்சிக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. முக்கால் மணி நேரத்தில் அவள் மூச்சு சீராகிவிட்டது. ஆனாலும் அவள் உட்கார்ந்தே இருந்தாள், அவருடையது சீராகும் வரைக்கும்.

"போச்சா?" என்றாள் கடைசியில்.

"போகல. எறங்கிருக்கு."

"எனக்கும் அம்புட்டுத்தான். வாங்க, போவோம்."

வண்டி இந்தத் தடவை அணையவில்லை. எட்டாவது வளைவை அவர் முதல் கியரில், மாட்டுவண்டி வேகத்தில் திருப்பினார். அவள் இடது கையால் கம்பியையும் வலது கையால் அவர் முழங்கையையும் பிடித்திருந்தாள். வண்டன்மேட்டுக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. மகள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோர். காற்று முழுக்க அதே வாசம். முத்துப்பேச்சி வாசலில் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

கட்டிலில் படுத்திருந்த ஹேமாவதி எழ முயன்றாள். முத்துப்பேச்சி ஓடிப்போய் அவளைப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அந்தக் கை இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"எப்படிம்மா வந்த? மாத்திரை போட்டியா?"

"இல்ல ஆத்தா" என்றாள் முத்துப்பேச்சி. "பயந்துக்கிட்டேதான் வந்தேன். அங்கன இருந்து இங்கன வரைக்கும் பயந்துக்கிட்டேதான் வந்தேன். ஒங்கப்பாவுந்தான்."

ஹேமாவதி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிள்ளைப் பருவத்திலிருந்து அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. உளுந்தமாவுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்த வேல்பாண்டி, குமுளி ரோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஆமா தாயி," என்றார், "எனக்கும் பயந்தான்."